வளைவில் வெனீர் ஒட்டினால் வெடிக்கிறது: ரிசப்ஷன் மேசைக்கு வழி சொல்லுங்கள்

ராயக்கோட்டை ரோடு பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு மரப் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில், அலமாரி, மாடுலர் கிச்சன் என்று நேர்கோட்டு வேலைகள்தான் அதிகம். இப்போது ஒரு பல் மருத்துவமனைக்கு ரிசப்ஷன் மேசை செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் அரைவட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான பெரிய வளைவு, ஆரம் 450 மி.மீ. அது முடிந்து சுவர்ப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மூலை வளைவு, ஆரம் 50 மி.மீ. உயரம் மூன்றரை அடி.

முழுக்கத் தேக்கு வெனீர், அதாவது தாள் போல மெல்லிசாகச் சீவிய தேக்கு, ஒட்ட வேண்டும் என்று டாக்டரம்மா கேட்கிறார். மரத்தின் நார் ஓடும் கோடான ரேகை படுக்கை வாக்கில் ஓட வேண்டும். மூலையிலும் அறுபடாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பார்க்க அதுதான் அழகு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

பெங்களூரில் இருந்து இரண்டு வகை வாங்கி வந்தேன். ஒன்று, 4 மி.மீ. பிளைவுட் மேல் ஒட்டியே வரும் எட்டுக்கு நாலு ஷீட். இன்னொன்று அரை மி.மீ. வெறும் வெனீர், எட்டடி நீளம், ஓரடி அகலம். வேலையில் கை வைப்பதற்கு முன் கழிவுத் துண்டுகளில் சோதித்துப் பார்த்தேன். ஷீட் பெரிய வளைவில் அழகாக உட்காருகிறது. மூலையில் பாதி திரும்புவதற்குள் படக்கென்று முறிகிறது. வெறும் வெனீரைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு ஒட்டினேன். வளைந்தது, ஒட்டிக்கொண்டது. மறுநாள் பார்த்தால் ரேகையின் போக்கிலேயே மயிரிழை விரிசல்கள், அதோடு இரண்டு துண்டு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி.

நீராவி காட்ட வேண்டுமா, சுடுதண்ணீர் போதுமா? எந்தப் பசை? மேல்பலகையின் முன் விளிம்பும் உருண்டையாக வர வேண்டும் என்கிறார்கள், அதிலும் வெனீர் சுற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பென்னாகரம் ரோடு தச்சர் எழுதியது:

தம்பி, தருமபுரியில் இருந்து எழுதுகிறேன். வெனீர் வேலையில்தான் என் கை பழகியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தண்ணீரில் இருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். தண்ணீர் கடைசியில் யோசிக்க வேண்டியது. வெனீர் வெடிக்குமா என்பதை எவ்வளவு தடிமன், எவ்வளவு ஆரம், எந்த முகம் வெளியே என்ற மூன்றும் நீங்கள் வளைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன. மூன்றும் சரியாக இருந்தால் பாதி வேலைகளுக்குத் தண்ணீரே தேவையில்லை. மூன்றும் தப்பாக இருந்தால் ஏரியில் ஊறப்போட்டாலும் வெடிக்கும்.

கணக்கு ரொம்பச் சுலபம். எந்தத் தகட்டை வளைத்தாலும் உள்முகம் நெருங்கும், வெளிமுகம் இழுபடும். தடிமனை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வெளிமுகம் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் 4 மி.மீ. ஷீட்டை 50 ஆரத்தில் வளைத்தால் 4-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும்; 4 சதவீதம். மரம் முறியாமல் நீளக்கூடியது ஒரு சதவீதம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆக அந்த ஷீட் முறிந்ததில் உங்கள் கைக்கும் பங்கில்லை, ஷீட்டுக்கும் பங்கில்லை. அதே ஷீட் 450 ஆரத்தில் அரை சதவீதம்கூட இழுபடுவதில்லை, அதனால்தான் சமர்த்தாக உட்காருகிறது. இப்போது அரை மி.மீ. வெனீரை 50 ஆரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் அரை சதவீதம்தான் வரும். அதாவது உங்கள் மூலைக்கு அந்த வெறும் வெனீரே போதும், அதைச் சித்திரவதை செய்ய வேண்டியதில்லை. ஆரம் 25-க்குக் கீழே இறங்கும்போதுதான் உண்மையான பயம் தொடங்குகிறது.

மரத்துக்கு ஒரு குணம் உண்டு. நீராவியில் நன்றாக வெந்த மரத்தை நார் நீளவாக்கில் அமுக்கினால் நாலில் ஒரு பங்குவரைகூட உள்வாங்கிக் கொடுக்கும். இழுத்தால் மட்டும் கொடுக்கவே கொடுக்காது. வளைக்கிற வேலை முழுக்க வெளிமுகத்தைக் காப்பாற்றுகிற வேலைதான். வெளிமுகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வளைப்பது இதனால்தான். டேப் அந்த இழுவையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், நார் தனித்தனியாக எழும்பாமல் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து முகம். கட்டையில் இருந்து வெனீரைச் சீவும்போது கத்தி பட்ட பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ரேகைக்கு இணையாக வரிசையாக விழுந்துவிடும். அது தளர்ந்த முகம். மறுபக்கம் இறுகிய முகம். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சாண் துண்டை எடுத்து, ரேகை வளையாமல் குழாயின் நீளவாக்கில் நேராக நிற்கும்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வளையுங்கள். ஒரு பக்கம் சுலபமாக வரும், மறுபக்கம் விறைக்கும். சுலபமாக வரும்போது வெளியே இருப்பது தளர்ந்த முகம், ஏனென்றால் அந்தக் கீறல்கள் வாய் திறந்து வழி விடுகின்றன. ஒட்டும்போது அந்த முகம் பசையைப் பார்க்க வேண்டும், இறுகிய முகம் ஆட்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மேசையில் ரேகை வளைவைச் சுற்றி ஓடுகிறது. அதனால் வளைக்கும் நேரத்தில் இந்தக் கீறல்கள் அவ்வளவு தொந்தரவு தராது. காயும் நேரத்தில்தான் தரும். உங்கள் விரிசல் ரேகையின் போக்கில் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வளைத்ததால் வந்த விரிசல் இல்லை. ஊறின வெனீர் அகலத்தில் உப்பிவிட்டது, உப்பிய நிலையிலேயே பசை பிடித்துவிட்டது, காயும்போது சுருங்க இடமில்லாமல் கிழிந்தது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வருட வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். நம் ஊர் வீட்டு வறட்சிவரை காய்வதற்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஓரடி அகலத் துண்டுக்கு அது 10 மி.மீ. வரை வரலாம். நகம் நுழையும் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, அதனால் மூலையைச் சுற்றும் திசையில் பிரச்சினை எதுவும் வரவில்லை.

எனவே ஈரத்தில் வளையுங்கள், வளைந்த நிலையிலேயே முழுக்கக் காயவிடுங்கள், காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இதை மட்டும் எத்தனை அவசரமானாலும் மாற்றாதீர்கள். ஒப்பந்தக்காரர் வாசலில் வந்து நின்றாலும் ஈர வெனீரில் பசை தடவக் கூடாது.

தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் நாரை உப்ப வைக்கும், அவ்வளவாக இளக்காது. நாரை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரத்தோடு நூறு டிகிரியை நெருங்கும் சூடும் சேர்ந்தால்தான் இளகும். அங்குலக் கணக்கில் தடிமனான கட்டையை வளைக்கும்போது ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்று கணக்கு வைப்பார்கள். அரை மி.மீ. வெனீருக்குக் கெட்டிலில் இருந்து இரண்டு முகத்திலும் ஊற்றி ஓரிரு நிமிடம் விட்டாலே போதும். அப்புறம் மூலை அச்சின் மேல் பாலிதீன் தாள் போட்டு, வெனீரைச் சுற்றி, பழைய சைக்கிள் ட்யூபை நீளமாகக் கிழித்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். ஈரம் இருக்கும்போது இரும்பு மட்டும் படக் கூடாது. ஆணி, கிளாம்ப் எது பட்டாலும் கருங்கறை விழும். இழைத்தாலும் போகாது, அரை மி.மீ.யில் எங்கே இழைப்பது? வெளியீரம் போனதும் பாலிதீனை எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள், இல்லாவிட்டால் உள்முகம் காயாது.

நன்றாகக் காய்ந்த பிறகு துண்டுகளின் ஓரத்தை நேராக வெட்டுங்கள். முன்பே வெட்டினால் நனைந்து காய்ந்ததும் அந்தக் கோடு கோணிவிடும். இன்னொன்று, விரிசல் எப்போதும் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பிசிறில் இருந்துதான் கிளம்பும். மேலும் கீழும் ஓர் அங்குலம் அதிகமாக விட்டு, அந்த ஓரத்தில் டேப் ஒட்டி, வேலையெல்லாம் முடிந்த பிறகு அதை வெட்டி எடுங்கள்.

பசைக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் வச்சிரம், தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை. சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வச்சிரச் சட்டியை வைத்து இளக்கி, கொதிக்கவிடாமல் காத்து, சூடாகத் தடவி அழுத்தித் தேய்ப்போம். ஆறும்போதே பிடித்துக்கொள்ளும், தப்பாகிவிட்டால் சூடு காட்டி எடுத்து மறுபடி ஒட்டலாம். அதைப் போன்ற ஒன்று இன்னும் வரவில்லை என்பேன். இன்றைக்கு உங்களுக்கு வெள்ளைப் பசை போதும். ஃபெவிகால் எஸ்ஹெச் வகை. மூலையில் ரப்பர் பசை வேண்டாம், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தடவி, காயவிட்டு, வைத்தால் பிடிக்கும் அந்தப் பசை மைக்காவுக்கு நல்லது. ஆனால் படுக்கை ரேகை வெனீர் 50 ஆரத்தில் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் பசை சித்திரை வெயிலில் இளகி மெல்ல நகரும். ஒரு வருடம் கழித்து ஓரம் கிளம்பும், அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். மேலே தின்னர் கலந்த பாலிஷ் அடித்தால் அது வெனீரின் துளை வழியே இறங்கி ரப்பர் பசையைக் கிளப்பிக் கொப்புளமும் போடும்.

வெள்ளைப் பசையிலும் தண்ணீர் இருக்கிறது. அதனால் அடிப்பலகையில் மட்டும், மெல்லிசாக, ரோலரால் தடவுங்கள்.

---

ஓசூர் இன்டீரியர் தொழிலாளி எழுதியது:

தச்சர் அய்யா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் தொழிற்சாலைப் பக்கத்தில் இருந்து சிலது சேர்க்கிறேன்.

அடிப்பலகையை என்னவாகச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே? எம்டிஎஃப் எனும் மரநாரை அழுத்திச் செய்த பலகையின் பின்புறம் ரம்பத்தால் கீறி வளைத்திருந்தால் கவனம். கீறல் உள்ள இடமெல்லாம் முன்பக்கம் சின்னச் சின்னப் பட்டையாக நிற்கும். கையால் தடவினால் தெரியாது. வெனீர் ஒட்டிப் பாலிஷ் அடித்த பிறகு ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பட்டையும் தெரியும். பெரிய வளைவுக்குப் பெண்ட் பிளை எனும் சுலபமாக வளையும் பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டுவது நல்லது. மூலைக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் துண்டுகளை அடுக்கி ஒட்டிக் கால்வட்டமாக ராவிக்கொள்ளுங்கள். அந்த அடுக்கின் ஓரம் பசையை உறிஞ்சும். தண்ணீர் கலந்த பசையை முதலில் ஒரு கை பூசிக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுவிட்டு, அப்புறம்தான் உண்மையான பசை.

அழுத்தம் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் லாரி லோடு கட்டும் ராட்செட் பெல்ட் தாராளமாகக் கிடைக்கிறது. புடைத்த வளைவுக்கு அதைவிடச் சுலபமான கருவி இல்லை. ஆனால் பெல்ட்டை ஒரே இறுக்கத்தில் சுற்றினாலும் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஆரம் குறையக் குறைய அழுத்தம் கூடும். உங்கள் 50 மூலைக்குக் கிடைப்பது 450 வளைவுக்குக் கிடைப்பதைப் போல ஒன்பது மடங்கு. அதனால் மூலை பிரமாதமாக ஒட்டி, பெரிய வளைவில் காற்று நின்றுவிடும். மூலையில் பெல்ட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள், பெல்ட்டின் தடம் விழாது. பெரிய வளைவில் நெருக்கமாக நிற்கும் ரீப்பர்களை வரிசையாக வைத்து, அதன் மேல் பெல்ட் போட்டு, இடையிடையே ஆப்பு அடித்து இறுக்குங்கள். எட்டடி வெனீரை ஒரே மூச்சில் ஒட்டப் பார்க்காதீர்கள். முதலில் மூலை. அது பிடித்த பிறகு மிச்ச வாலை விரித்துப் பெரிய வளைவு.

வேக்குவம் பை வசதி இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. காற்றை உறிஞ்சிவிட்டால் வெளிக்காற்றே சதுர மீட்டருக்குப் பத்து டன்னை ஒட்டிய எடையோடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். வளைவு சிறிதா பெரிதா என்று அது பார்க்காது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்தே செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி வேலை அடிக்கடி வரும் என்றால் யோசியுங்கள்.

மேல்பலகை விளிம்புக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அதில் வெனீர் சுற்றாதீர்கள். வெனீர் காகிதம் மாதிரி, ஒரு திசையில்தான் வளையும். உங்கள் விளிம்பு மேலிருந்து கீழும் உருள்கிறது, பக்கவாட்டிலும் 450-இல் வளைகிறது. இரண்டு திசையிலும் வளைக்க வேண்டுமென்றால் அங்கங்கே வெட்டுவாய் கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1942-இல் அமெரிக்கக் கடற்படைக்கு வளைத்த பிளைவுட்டில் முறிந்த காலுக்கு வைக்கும் தடுப்பு செய்தார்கள். அதில் துளைகளும் வெட்டுகளும் நிறைய இருக்கும். கட்டு கட்டவும் அவை உதவின, மரம் இரண்டு திசையில் வளைய இடம் கொடுத்ததும் அவைதான். ரிசப்ஷன் மேசையில் அப்படி வெட்டு வைக்க முடியாதே. 3 மி.மீ. தேக்குப் பட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக 450 வளைவில் ஒட்டி, காய்ந்ததும் ரவுட்டரால் உருட்டிவிடுங்கள். அய்யாவின் கணக்குப்படி 3-ஐ 900-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு சதவீதம். காய்ந்த மரமே வளையும்.

ஜெர்மனியில் பிறந்த தச்சர் மிக்கேல் தோனெட் 1830-களில் நாற்காலி செய்ய ஆரம்பித்ததும் இப்படித்தான், வெனீர்ப் பட்டிகளைப் பசையில் வேகவைத்து அச்சில் வளைத்து. முழுக்கட்டையை நீராவியில் வளைத்து உலகம் முழுக்க விற்ற 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. அதிலும் கட்டையின் வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கட்டித்தான் வளைத்தார்கள். அய்யா சொன்ன டேப்பின் வேலையைத்தான் அந்தப் பட்டை செய்தது.

---

ஊத்தங்கரை விளக்குக்கூடு எழுதியது:

நான் மேசை நாற்காலி செய்வதில்லை. வெனீரில் விளக்குக் கூடுகள் செய்கிறேன், அதனால் தினமும் சின்ன ஆரத்தில்தான் வேலை. அண்ணன்கள் இருவரும் தொடாத சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் வெனீரில் வெள்ளைப் பூப்பு நிற்கும், பாலிஷ் அடித்தால் அது இன்னும் தெரியும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வேன். மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது.

தேக்கு அடங்கிப்போகும். முடிச்சு, சுருள் ரேகை உள்ள வெனீர் வந்தால் தண்ணீர் மட்டும் போதாது. காய்ந்ததும் அப்பளமாக நொறுங்கும். அதற்கு மெடிக்கல் ஷாப் கிளிசரின் ஒரு பங்கு, பாலிஷுக்கு வாங்கும் ஸ்பிரிட் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து இரண்டு முகத்திலும் தெளிப்பேன். ஸ்பிரிட் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், கிளிசரின் உள்ளேயே தங்கி நாரை விறைக்காமல் வைக்கும். கிளிசரினை அதிகமாக்கினால் பசையும் பாலிஷும் பிடிக்காது, அளவு முக்கியம். தெளித்த பிறகு பழுப்புக் காகிதத்துக்கு நடுவில் வைத்துப் பலகை போட்டுப் பாரம் ஏற்றி, காகிதம் ஈரமாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கிவிடும்.

காயவைக்கும்போது மின்விசிறிக்கு நேராக வைக்காதீர்கள். ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் கதவையும் சாத்திவிடுவேன். ஓரம் முதலில் காய்ந்து நடு ஈரமாக இருந்தால் ஓரம் கிழிந்துவிடும். நிதானமாகக் காய்வதுதான் நல்லது. ஓசூர்ப் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி, அங்கே பரவாயில்லை. நம் பக்கம் பங்குனி, சித்திரையில் ஈரத்துணி போர்த்திதான் வைக்க வேண்டியிருக்கிறது.

---

ராயக்கோட்டை ரோடு பட்டறை எழுதியது:

அய்யா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. மேல்பலகை விளிம்புக்குத் தேக்குப் பட்டி என்று டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். அடிப்பலகை பெண்ட் பிளைதான், கீறவில்லை.

இன்னும் சில சந்தேகம். தேக்கு வெனீரில் எந்த முகம் தளர்ந்தது என்று வளைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம், வெள்ளைப் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டும் என்கிறார்கள். பெரிய வளைவுக்கு அது சரிவருமா? பெல்ட், ரீப்பர், ஆப்பு என்று இறங்கத் தயங்குகிறேன். மூலைக்கு முன்னால் ஏதாவது சோதனை செய்து பார்க்கவும் ஆசை.

---

பென்னாகரம் ரோடு தச்சர் எழுதியது:

சோதனைக்குச் செலவே இல்லை தம்பி. பிவிசி பைப் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், பிளம்பரிடம் கழிவாகவே கிடைக்கும். அதன் அளவு வெளிவிட்டக் கணக்கு. 110 பைப்புக்கு ஆரம் 55, 90-க்கு 45, 63-க்கு முப்பத்தொன்றரை, 40-க்கு 20. உங்கள் வெனீர்க் கட்டைப் பிரித்து ஒரு துண்டை வெட்டி, வேலையில் வரும் அதே ரேகைத் திசையில், காய்ந்த நிலையில் முதலில் 110-இல் சுற்றுங்கள், அப்புறம் 90. உங்கள் மூலை 50. 90 பைப்பில் சத்தமில்லாமல் சுற்றினால் மூலையில் நிச்சயம் வரும். 63-இலும் வந்தால் அந்தக் கட்டு தங்கம். எந்தப் பைப்பில் முதல் சத்தம் கேட்கிறதோ அதற்குத்தான் தண்ணீரும் சூடும். ஒவ்வொரு கட்டு வெனீருக்கும் இதைச் செய்துவிட்டு ஆரத்தைச் சாக்பீஸால் கட்டின் மேலேயே எழுதி வையுங்கள். கொதிநீர் ஊற்றிய வெனீரை மட்டும் பிவிசி மேல் சுற்றாதீர்கள், பைப் இளகி நசுங்கும்.

முகம் தெரியாவிட்டால், தண்ணீரில் கொஞ்சம் மையோ காப்பித் தண்ணியோ கலந்து ஓரத்துண்டின் இரண்டு முகத்திலும் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். தளர்ந்த முகத்தில் கீறல் வழியே கோடுகோடாக இறங்கும். தேர்ந்த ஆலையில் நன்றாகச் சீவிய வெனீரில் வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும். தெரியவே இல்லை என்றால் நல்ல வெனீர் வாங்கியிருக்கிறீர்கள் என்று சந்தோஷப்படுங்கள். அடுத்தடுத்த துண்டுகளைப் புரட்டி ஜோடி சேர்க்கும் புக் மேட்ச் மட்டும் இந்த மேசைக்கு வேண்டாம். புரட்டினால் ஒன்றுவிட்டு ஒன்று தளர்ந்த முகம் வெளியே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே முகம் மேலே இருக்கும்படி வரிசையாக நகர்த்தி வையுங்கள்.

இஸ்திரிப் பெட்டி பெரிய வளைவுக்குத் தாராளமாகச் சரிவரும். வெள்ளைப் பசை சூட்டில் இளகி ஆறும்போது பிடிக்கும் ஜாதி, ஒரு வகையில் வச்சிரத்தின் குணம் அதற்கும் இருக்கிறது. இரண்டு பக்கமும் தடவுங்கள். வெனீரின் பின்முகத்தில் தடவியதும் அது சுருளப் பார்க்கும், முன்முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நேராகும். பசை வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காயட்டும், கையில் ஒட்டக் கூடாது. பருத்தித் துணிக்கான சூட்டில், நடுவில் பழுப்புக் காகிதம் வைத்து, மூலையில் இருந்து பெரிய வளைவை நோக்கி ஒரு கை அகலமாக முன்னேறுங்கள். சூடு போன இடத்துக்குப் பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து, ஆறும்வரை கட்டையை எடுக்காதீர்கள். பலர் சூட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பிடிப்பது சூட்டில் இல்லை, ஆறுவதில்தான்.

மூலைக்கு மட்டும் இஸ்திரியை நம்ப வேண்டாம். சூடாக இருக்கும்போதே வெனீர் நிமிர்ந்துவிடும். அங்கே ஓசூர் தம்பி சொன்ன பெல்ட்டும் ரப்பர் ஷீட்டும்தான். வெனீரின் முனை முடியும் இடமோ, நீளவாட்டில் ஒட்டுப்போடும் இடமோ வளைவு தொடங்கும் கோட்டில் வரவே கூடாது. அங்கேதான் நிமிரும் பலம் முழுக்கச் சேரும். மூலையைத் தாண்டித் தட்டையில் ஒரு சாண் போன பிறகு முடியட்டும்.

தேக்கில் எண்ணெய் உண்டு, இதை யாரும் சொல்லவில்லை. ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்முகத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ஆவியான உடனே பசைக்குப் போய்விடுங்கள். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

ஒட்டின பிறகு விரல் நுனியால் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். காற்று நிற்கும் இடத்தில் சத்தம் கொடகொடவென்று மாறும். அந்த இடத்தில் ரேகையின் போக்கில் பிளேடால் ஒரு கீறல், ஊசியால் கொஞ்சம் பசை, மேலே காகிதம், இஸ்திரி. ரேகையோடு போகும் கீறல் பாலிஷில் மறைந்துவிடும், குறுக்கே போனால் மறையாது.

டேப்பை எடுக்கும்போது மேலே தூக்கிப் பிய்க்காதீர்கள். லேசாகச் சூடு காட்டி, ரேகையோடு, பலகையை ஒட்டித் தாழ்வாக இழுங்கள். உப்புத்தாள் 180-இல் தொடங்கி 240-இல் நிறுத்துங்கள். மூலையில் கையால் மட்டும், அதுவும் இரண்டு மூன்று வீச்சு. மெஷின் வைத்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். பாலிஷை ஒட்டிய அன்றே அடிக்க வேண்டாம். பசையின் ஈரம் வெளியேற இரண்டு நாள் விடுங்கள், அப்புறம் முதல் சீலர் கோட்.